கட்டக்கோரையும் கால்சியமும்

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருக்கும் புண்ணுக்கு மருத்துவமனைகளில் வைக்கும் கட்டுகளில் ஒன்று, பார்ப்பதற்கு வெறும் வெள்ளைப் பஞ்சு விரிப்பாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. அதைப் புண்ணின் மேல் வைத்து மூடிவிட்டு ஓரிரு நாள் கழித்துப் பிரித்தால் பஞ்சைக் காண முடியாது. அது இருந்த இடத்தில் வழவழப்பான கூழ் படிந்திருக்கும். செவிலியர் உப்புநீர் ஊற்றி அலசினால் கூழ் வழிந்து வந்துவிடும். புதிதாக வளர்ந்த சதை அதோடு சேர்ந்து பிய்வதில்லை. காஸ் துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்து, பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ரத்தம் கசியத் துடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தப் பஞ்சு பருத்தியில் செய்ததல்ல. பழுப்புக் கடல்பாசியின் செல்சுவரிலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை நூலாக இழுத்துச் செய்தது. ராமேசுவரம், பாம்பன் கடற்கரையில் கட்டக்கோரை என்றும் பக்கோடா பாசி என்றும் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் பாசிகளிலும் இருப்பது இந்த ஆல்ஜினேட்தான். பறித்த பாசிக்கும் புண்ணின் மேல் வைக்கும் கட்டுக்கும் இடையே எவ்வளவு வேலை இருக்கிறது, அதில் எது எளிது, எது கடினம் என்பதைப் பார்க்கலாம்.

தன் எடையில் பெரும்பகுதி தண்ணீராக இருந்தும் ஓடிவிடாமல் உருவத்தோடு நிற்கும் பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுத் தரும் 'கடல்பாசி'யும் ஹைட்ரோஜெல்தான். அது சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கும் அகர். சூட்டில் கரைந்து, ஆறும்போது இறுகும். ஆல்ஜினேட்டின் போக்கு வேறு. சோடியம் ஆல்ஜினேட் சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்து கெட்டியான பாகாக நிற்கும். அதில் கால்சியம் உப்பு பட்டால் அந்தக் கணமே இறுகும். அடுப்பும் வேண்டாம், ஐஸ் பெட்டியும் வேண்டாம், தீங்கான கரைப்பான்களும் வேண்டாம். உயிருள்ள செல்களை அந்தப் பாகில் கலந்து, சொட்டுச் சொட்டாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் விட்டால் ஒவ்வொரு சொட்டும் ஒரு மணியாக இறுகிவிடும். உள்ளே இருக்கும் செல்கள் சாவதில்லை. மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பொருளைச் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இந்த மென்மைதான்.

கால்சியம் அங்கே என்ன செய்கிறது? ஆல்ஜினேட் சங்கிலியில் இரண்டே வகைக் கண்ணிகள் உண்டு. ஒன்று மேனுரானிக் அமிலம், இன்னொன்று குலுரானிக் அமிலம். சுருக்கமாக எம், ஜி என்பார்கள். இவை மாறி மாறி ஒழுங்காக வருவதில்லை. எம் மட்டும் தொடர்ந்து வரும் பகுதி, ஜி மட்டும் தொடர்ந்து வரும் பகுதி, இரண்டும் கலந்த பகுதி என்று தொகுதி தொகுதியாக இருக்கும். நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் ஹாக், லார்சன், ஸ்மிட்ஸ்ரோட் ஆகியோர் 1960களில் இதைக் கண்டறிந்தார்கள். ஜி தொடர்ந்து வரும் இடத்தில் சங்கிலி மடிந்து மடிந்து வரிசையாகக் குழிகள் விழும். அப்படிப்பட்ட இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்தால், குழிக்கு ஒன்றாகக் கால்சியம் அயனிகள் உட்கார்ந்து இரண்டையும் பிணைத்துவிடும். கடையில் முட்டை அடுக்கும் அட்டையை நினைத்துக்கொண்டால் போதும். 1973இல் இந்த விளக்கத்தை முன்வைத்த விஞ்ஞானிகளும் அதற்கு முட்டை அட்டை மாதிரி என்றே பெயர் வைத்தார்கள்.

ஜி அதிகமாக இருந்தால் ஜெல் விறைப்பாக இருக்கும், ஆனால் எளிதில் நொறுங்கும். எம் அதிகமாக இருந்தால் துவளும், மென்மையாக இருக்கும். இதைப் பாசி தன் உடம்பிலேயே பயன்படுத்திக்கொள்கிறது. நார்வே கடலில் பாறையைப் பற்றி நிமிர்ந்து நிற்கும் லாமினேரியா ஹைப்பர்போரியா என்ற பெரும்பாசியின் தண்டில் ஜி மிகுதி. அலையோடு அசைந்தாட வேண்டிய இலைப் பகுதியில் எம்மின் பங்கு கூடுதல். ஒரே செடிக்குள், தேவைக்கேற்ப ஒரே மூலப்பொருளின் கலவை மாறுகிறது. கலிஃபோர்னியாவின் மேக்ரோசிஸ்டிஸ், நம் மன்னார் வளைகுடாவின் சர்காசம் என்று இனம் மாறினால் விகிதம் மாறும். பருவம் மாறினாலும் மாறும், கடல் கொந்தளிக்கும் இடமா அமைதியான இடமா என்பதைப் பொறுத்தும் மாறும். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் கடைசிப் பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

ஆல்ஜினேட்டை முதலில் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மக்கள் கடல்பாசியை எரித்துச் சாம்பலிலிருந்து சோடாவும் அயோடினும் எடுத்துப் பிழைத்துவந்தார்கள். எரிக்கும்போது பாசியின் பெரும்பகுதி புகையாகப் போவதைப் பார்த்து, அதை முழுதாகப் பயன்படுத்தும் வழியைத் தேடினார் அவர். பாசியைச் சோடாக் கரைசலில் ஊறவைத்தபோது கிடைத்த பசைக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தது மருத்துவம் அல்ல, அந்தத் தீவுகளின் தொழில். அடிப்படையில் இன்றைய முறையும் அதுவேதான்: அமிலத்தில் கழுவி, சோடியம் கார்பனேட்டில் கரைத்து, வடிகட்டி, மறுபடி படியச் செய்வது.

மருத்துவத்துக்குள் அது நுழைந்தது பல வழிகளில். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிலிருந்து வந்த அகர் நின்றுபோனதால், பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுக்க ஆல்ஜினேட்டுக்கு மாறினார்கள். இன்றும் செயற்கைப் பல்லுக்கு அளவெடுக்கத் தட்டில் குழைத்து வைக்கும் பசை பெரும்பாலும் அதுதான். தூளில் கால்சியம் சல்ஃபேட்டும் கொஞ்சம் பாஸ்பேட்டும் கலந்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் வெளிவரும் கால்சியத்தை முதலில் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும். அது தீரும்வரை மருத்துவருக்குக் குழைக்க அவகாசம். தீர்ந்தவுடன் ஆல்ஜினேட் இறுகும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் காவிஸ்கான் போன்ற மருந்துகளிலும் இருப்பது இந்தப் பாசிப் பசைதான். வயிற்று அமிலத்தில் அது ஜெல்லாகும். கூடவே இருக்கும் பைகார்பனேட்டிலிருந்து எழும் வாயுக் குமிழிகள் அதில் சிக்கிக்கொள்ள, அது உணவின் மேல் மிதந்து அமிலம் மேலேறாமல் தடுக்கும்.

புண்ணுக்குக் கட்டாக வந்த கதை சற்று வேறு. காயத்தைக் காயவிட வேண்டும், காற்றுப்பட வேண்டும் என்பது நெடுங்கால நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, ஈரம் போகாமல் மூடிய காயங்களில் புதுத் தோல் விரைவாகப் படர்வதைக் காட்டினார். அதன்பிறகுதான் ஈரத்தைக் காக்கும் கட்டுகளுக்கு மதிப்பு வந்தது. கால்சியம் ஆல்ஜினேட் நூல் புண்ணில் வடியும் நீரைத் தொட்டதும், நீரில் உள்ள சோடியம் உள்ளே போகிறது, கால்சியம் வெளியே வருகிறது. சோடியம் ஏறிய நூல் நீரை உறிஞ்சி ஊதிக் கூழாகிறது. வெளிவந்த கால்சியம் ரத்தம் உறைவதற்கு உதவுகிறது. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு இது ஏற்றது. காய்ந்த புண்ணில் வைத்தால் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கெடுதல் செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயால் வந்த கால்புண் மற்றக் கட்டுகளைவிட ஆல்ஜினேட் கட்டில் வேகமாக ஆறுகிறதா என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தேடிப் பார்த்தது. அப்படிச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஈரத்தைக் காப்பதும் வலியில்லாமல் பிரிவதும் நிச்சயமான நன்மைகள். ஆற்றும் வேலையை உடல்தான் செய்கிறது. அந்த வேலையில் பங்கெடுக்கும் ஜெல் வேண்டுமென்றால் பாசி தருவதை அப்படியே எடுத்து வைத்தால் போதாது. 'உருவாக்குதல்' என்ற சொல்லுக்கு இங்கிருந்துதான் பொருள் தொடங்குகிறது.

ஆல்ஜினேட்டின் மேல் மனித செல்கள் ஒட்டுவதில்லை. அவை பற்றிக்கொள்ளும் புரதக் கொக்கிகள் எதுவும் அதில் கிடையாது. அதை உடைக்கும் நொதியும் பாலூட்டிகளின் உடலில் இல்லை. உடலைப் பொறுத்தவரை அது அன்னியமான, ஆனால் தொந்தரவு செய்யாத பொருள். சில வேலைகளுக்கு இது வரம். சில வேலைகளுக்குத் தடை. எலும்போ குருத்தெலும்போ வளர்க்க வேண்டுமானால் செல்கள் ஒட்டியே ஆக வேண்டும். 1999இல் டேவிட் மூனியின் குழு, செல்கள் அடையாளம் காணும் மூன்று அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு புரதத் துண்டை ஆல்ஜினேட் சங்கிலியில் கோத்தது. அதன் மேல் தசை செல்கள் ஒட்டிப் பரவின. சங்கிலியைச் சற்றே ஆக்சிஜனேற்றம் செய்தால் உடலுக்குள் மெல்ல உடையும்படியும் செய்யலாம். இந்த இரண்டு மாற்றங்களும் கைவந்த பிறகு ஆல்ஜினேட் வெறும் கட்டாக இருந்த நிலை மாறி, செல்கள் குடியிருக்கும் இடமாகியது.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது செல்கள் ஒட்டக் கூடாத இடத்தில் நடக்கும் ஆராய்ச்சி. முதல் வகைச் சர்க்கரை நோயில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. வேறொருவரின் செல்களைக் கொண்டுவந்து வைத்தால் அவற்றையும் அழிக்கும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும். செல்களை ஒரு ஆல்ஜினேட் மணிக்குள் வைத்து மூடிவிட்டால்? சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், எதிர்ப்பு செல்கள் நுழைய முடியாது. 1980இல் ஃபிராங்க்ளின் லிம்மும் ஆந்தனி சன்னும் இப்படிச் செய்து, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்தச் சர்க்கரையை இரண்டு மூன்று வாரங்கள் சீராக வைத்திருந்தார்கள். 1994இல் இந்த முறையில் செல்கள் பெற்ற ஒரு நோயாளி ஒன்பது மாதங்கள் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்ததாக லான்செட் இதழில் வெளிவந்தது. அவர் சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக ஏற்கெனவே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதன்பிறகு இந்தத் துறை நீண்டகாலம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மணிகளை வைத்த சில வாரங்களில் உடல் அவற்றைச் சுற்றித் தழும்புத் திசு வளர்த்துவிடும். எதிர்ப்பு செல்கள் உள்ளே போகவில்லைதான். ஆனால் மணியைச் சுற்றிக் கெட்டியான உறை விழுந்துவிட்டால் ஆக்சிஜனும் போகாது, உள்ளே இருக்கும் செல்கள் மூச்சுத் திணறிச் சாகும். அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் லாங்கர், டேனியல் ஆண்டர்சன் குழுவினர் இதைப் பொறுமையாக அணுகினார்கள். முதலில் மணியின் அளவு. அரை மில்லிமீட்டர் மணியைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மணியைச் சுற்றித் தழும்பு குறைவாக விழுவதை 2015இல் கண்டார்கள். பிறகு ஆல்ஜினேட்டின் சங்கிலியில் வெவ்வேறு வேதிக் குழுக்களைக் கோத்து 774 வகைகள் தயாரித்துச் சோதித்தார்கள். தழும்பை உண்டாக்காதவையாக அவற்றில் தேறிய சில டிரையசோல் என்ற வளையத்தைக் கொண்டவை. 2016இல் வெளிவந்த முடிவின்படி, அந்த ஆல்ஜினேட்டுக்குள் வைத்த மனித ஸ்டெம் செல் வழி வந்த இன்சுலின் செல்கள், எதிர்ப்பாற்றல் குன்றாத எலிகளில் 174 நாள்கள் வேலை செய்தன.

இதைப் படித்தவர்கள் அடுத்து மனிதர்கள்தான் என்று நம்பினார்கள். மனிதர்களுக்கும் போனது, ஆனால் சர்க்கரை நோய்க்கு அல்ல. ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு ரத்தம் உறைய வேண்டிய புரதத்தைச் சுரக்கும் செல்களை இப்படிப்பட்ட மணிகளில் வைத்துப் பார்த்த சோதனை, 2021இல் நிறுத்திவைக்கப்பட்டது. மணிகளை எடுத்துப் பார்த்தபோது அவற்றைச் சுற்றித் தழும்பு படிந்திருந்தது. எலியிலும் குரங்கிலும் தேறியது மனித உடலில் அப்படியே தேறுவதில்லை. ஆனாலும் இந்த வழி மூடிவிட்டதாக நான் கருதவில்லை. எந்த வேதிக் குழு சங்கிலியில் இருந்தால் உடல் பொறுத்துக்கொள்கிறது என்ற கேள்வியே 774 வகைகளைச் செய்து பார்த்த பிறகுதான் தெளிவாகக் கேட்கப்பட்டது.

இதயத்திலும் இதே போன்ற ஒரு பாடம் கிடைத்தது. மாரடைப்பு வந்தவரின் இதயச் சுவரில் செத்துப்போன பகுதி நாளடைவில் மெலிந்து, இதயமே விரிந்து தளர்ந்துபோகும். இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் ஸ்மாதர் கோஹன் ஒரு வழி கண்டார். மெல்லிய ஆல்ஜினேட் கரைசலை இதயத் தமனி வழியாக விட்டால், பாதிக்கப்பட்ட இடத்தின் ரத்தக் குழாய்கள் கசிவதால் அங்கே மட்டும் அது வெளியேறும். அடிபட்ட திசுவில் கால்சியம் கூடுதலாக இருப்பதால் அங்கேயே ஜெல்லாகும். சில வாரங்கள் சுவரைத் தாங்கி நின்றுவிட்டு, மெல்லக் கரைந்து சிறுநீரில் போய்விடும். பன்றிகளில் இதயம் விரிவது குறைந்தது. பல நாடுகளில் 303 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியானது: ஆறு மாதத்தில் இதயம் விரிவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. நோயின் காயம் இருக்கும் இடத்தையே தன்னை இறுக்கும் கருவியாக்கிக்கொண்ட அந்த யோசனையின் அழகு, அதைப் பயனுள்ளதாக்கப் போதவில்லை.

ஆல்ஜினேட் ஜெல்லுக்குப் பலம் போதாது என்ற இன்னொரு குறைக்கு நல்ல விடை கிடைத்திருக்கிறது. சாதாரண ஆல்ஜினேட் ஜெல்லை இழுத்தால் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுவதற்குள் அறுந்துவிடும். 2012இல் ஹார்வர்டின் சூவோவும் மூனியும் அவர்களது குழுவினரும் அதோடு பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கை வலையைக் கோத்து ஒரு ஜெல் செய்தார்கள். அதை இருபது மடங்குக்கு மேல் இழுக்க முடிந்தது. இழுக்கும்போது கால்சியப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து இழுவிசையைத் தாங்கிக்கொள்கின்றன. செயற்கை வலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. விட்டுப்போன கால்சியப் பிணைப்புகளில் ஒரு பகுதி, ஓய்வு கொடுத்தால் மறுபடி சேர்ந்தும் கொள்கிறது. 2017இல் இதே ஜெல்லின் அடியில் கைட்டோசான் போன்ற நேர்மின்னூட்டம் கொண்ட பசையைச் சேர்த்து, ரத்தம் படிந்த பன்றி இதயத்தின் மேலும் ஒட்டவைத்தார்கள். ஐரோப்பியத் தோட்டங்களில் ஊரும் ஓடில்லா நத்தை ஒன்றின் தற்காப்புச் சளியைப் பார்த்து வந்த யோசனை அது. கைட்டோசான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைப்பது.

ஆக, ஜெல்லைச் செய்வது, அதை மாற்றுவது, வலுவாக்குவது ஆகியவற்றுக்கு வேதியியல் வழி காட்டிவிட்டது. கடினம் அதற்கு முன்னால் இருக்கிறது. பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டோடு பாலிஃபீனால்கள், புரதத் துணுக்குகள், பாக்டீரியாவின் நச்சுகள் எல்லாம் வரும். துணியில் சாயம் அச்சிடவும் ஐஸ்கிரீமில் சேர்க்கவும் இவை பொருட்டல்ல. உடலுக்குள் வைக்கும்போது மிகச் சிறிய அளவு கூட அழற்சியை உண்டாக்கும். உடல் ஆல்ஜினேட்டையே எதிர்க்கிறது என்று பழைய ஆய்வுகள் சில சொன்னதில், அழுக்கு எவ்வளவு, ஆல்ஜினேட் எவ்வளவு என்று பிரிக்கவே பல ஆண்டுகள் ஆயின. இன்னொரு சிக்கல்: கால்சியத்தைப் பிடிக்கும் அதே குழிகள் ஈயத்தையும் காட்மியத்தையும் அதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். கழிவு கலக்கும் கடலில் வளர்ந்த பாசி அந்தக் கழிவையும் சுமந்துகொண்டுதான் வரும். கிருமி நீக்கச் சூடேற்றினாலோ காமா கதிர் பாய்ச்சினாலோ சங்கிலி அறுந்து ஜெல்லின் வலு குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, எம்முக்கும் ஜிக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கடல் அப்படி விளைவிப்பதில்லை.

நார்வே இதில் முன்னால் நிற்பதற்கு வேதியியல் மட்டும் காரணமல்ல. ஒரே இனப் பாசி, குறிப்பிட்ட கடற்பகுதிகளில் முறைவைத்து அறுவடை, ஒவ்வொரு சரக்குக்கும் அளந்து எழுதிய குறிப்பு. உடலுக்குள் வைக்கத் தகுந்த தூய ஆல்ஜினேட் அங்கிருந்து உலகத்துக்குப் போகிறது.

மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை, பக்கோடா பாசி எனப்படும் சர்காசமும் டர்பினேரியாவும் பல தலைமுறைகளாகப் பறிக்கப்படுகின்றன. மதுரை வட்டாரத்து ஆலைகளில் அவற்றிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மூலப்பொருள், ஆலை, ஆய்வுக்கூடம் மூன்றும் தென்தமிழ்நாட்டிலேயே இருந்தும், கிடைக்கும் ஆல்ஜினேட் பெரும்பாலும் துணி அச்சுக்கும் உணவுக்கும்தான் போகிறது. மருத்துவத் தரத்துக்கு உயர்த்துவதில்தான் விலை பன்மடங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் நமக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அதிகப் பாசி பறிப்பது இதற்கு வழியல்ல. வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாசி பறிக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே அதனால் நெடுநாள் இழுபறி. அந்தப் பெண்களை ஒருங்கிணைத்து, பறிக்கும் நாள்களுக்கும் முறைகளுக்கும் தாங்களாகவே கட்டுப்பாடு விதித்துக்கொள்ளச் செய்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கு வேண்டிய பாசி அளவில் கொஞ்சம்தான். அதில் வேண்டுவது ஒழுங்கு: ஒரே இனம், தெரிந்த இடம், தெரிந்த மாதம், வேரோடு பிடுங்காமல் வெட்டியது, மணலும் பிற பாசியும் கலக்காதது.

இந்த விவரங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதியவை, கடற்கரைக்குப் பழையவை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில், விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி மூழ்கும் பெண்களுக்கு எந்தத் திட்டில் எந்தப் பாசி எப்போது தடித்து நிற்கும் என்பது தெரியும். ஆனால் கரையில் காய்ந்த பாசி மூட்டையாகக் கட்டப்பட்டு வியாபாரியிடம் போகும்போது எல்லா இடத்துப் பாசியும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. எந்தத் திட்டு, எந்த மாதம் என்ற குறிப்பு அங்கேயே தொலைகிறது. அந்தக் குறிப்பு ஒவ்வொரு மூட்டையோடும் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் எம், ஜி விகிதத்தையும் ஈயத்தின் அளவையும் அளந்து பல பருவங்களுக்குப் பதிவு செய்தால்தான் எந்த மாதத்து, எந்த இடத்துக் கட்டக்கோரை மருத்துவத்துக்கு ஆகும் என்று சொல்ல முடியும். பிரித்துக் கட்டுவதற்கும் குறித்து வைப்பதற்கும் அந்தப் பெண்களுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்குகிறவர்களின் திட்டச் செலவில் நான் முதல் வரியில் எழுதச் சொல்வது அந்தக் கூலியைத்தான்.